வெள்ளிக்கிழமை பஸ்

போன கிழமை சொந்தக்காரப் பொடியன் ஒருவன் மெசேஜ் போட்டிருந்தான். வங்கியில் வேலை கிடைத்திருக்கிறதாம், முதல் நியமனமே மட்டக்களப்பு. "அன்ரி, ரெண்டு வருசம் அங்க எப்படிச் சமாளிக்கிறது?" என்று கேட்டிருந்தான். அவனுக்குத் தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன். இடமாற்றத்தில் வரும் எத்தனையோ பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லாருமே "சமாளிக்கிறது" என்ற அந்தச் சொல்லைத்தான் பாவித்தார்கள். அதுதான் எனக்கு மனதில் தைக்கிறது.

நானும் வங்கியில்தான் வேலை. எனக்கு இடமாற்றம் கிடைத்து நாங்கள் 2016 ஜனவரியில் மட்டக்களப்புக்கு வந்தோம். அதற்கு முன் ஒன்பது வருடம் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை. பிறந்து வளர்ந்தது பருத்தித்துறை. இடமாற்றக் கடிதம் வந்த இரவு அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். "மட்டக்களப்போ? கவனம் பிள்ளை, பாயோட ஒட்ட வைச்சுப் போடுவினம்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பேச்சு தெரியும். மட்டக்களப்புக்குப் போன ஆண்பிள்ளை திரும்ப மாட்டான், மந்திரம் செய்து பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். நானும் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இங்கே வந்து வாழ்ந்த பிறகு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. போனவன் ஏன் திரும்பவில்லை என்று எவரும் அவனையே கேட்டுப் பார்க்கவில்லை.

வீடு தேடித் திரிந்த முதல் இரண்டு கிழமையிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. கல்லடி, நாவற்குடா, அமிர்தகழி என்று ஏறி இறங்கின ஏழெட்டு வீட்டிலும் எங்களோடு பேச வந்தவர்கள் பெண்கள். ஆண்கள் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். கடைசியில் எடுத்த வீடு கல்லடியில். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, மூன்றாவது அத்திவாரத்தோடு நின்றது. வீட்டுக்கார அக்கா முற்றத்தில் சாக்கு விரித்துக் கூனி இறால் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து சொன்னார்: "இது மூத்தவளுக்குக் கட்டின வீடு புள்ள. அவள் இப்ப லண்டன்ல. அது ரெண்டாவதுக்கு. அந்தா அத்திவாரம் கிடக்கிறது கடைசிக்கு."

"மகன் இல்லையோ அக்கா?"

"இரிக்கான். அவன் ஆரையம்பதியில, பொண்டாட்டி வீட்ட."

வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "முதல் இரிங்க, தேத்தண்ணி குடிங்க. மறுகா கதைப்பம்" என்றார். 'மறுகா' என்றால் இந்த ஊரில் 'பிறகு'. நான் கற்றுக்கொண்ட முதல் மட்டக்களப்புச் சொல் அதுதான். இரண்டாவது, வழி கேட்டபோது ஓட்டோக்காரத் தம்பி சொன்ன 'கிறுகுங்க', அதாவது திரும்புங்கள்.

எங்கள் ஊரிலும் சீதன வீடு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே அது குடும்பத்தின் அச்சாணி. மகளுக்கு வீடும் வளவும் எழுதுகிறார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார். குடி என்று சொல்லும் வம்சமும் தாய் வழியில்தான் வருகிறது. பல கோவில்களில் எந்தக் குடிக்கு எந்த நாள் சடங்கு, யாருக்கு என்ன உரிமை என்பது இன்றைக்கும் அந்தத் தாய்வழிக் கணக்கில்தான் போகிறது. அப்படியென்றால் வெளியூரிலிருந்து வந்து இங்கே கல்யாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டில், மனைவியின் சனத்துக்கு நடுவில், வயலும் வாவியும் சோறு போடும் இடத்தில் வாழத் தொடங்குகிறான். அவன் ஏன் திரும்பிப் போக வேண்டும்? பிள்ளையை ஒரு ஊர் அன்பாக வைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள் மந்திரம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அதை அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

ஊரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும். நகரத்தின் நடுவான புளியந்தீவு உண்மையிலேயே ஒரு தீவு. 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அங்கேதான் இருக்கிறது. கடைக்குப் போனாலும் பாடசாலைக்குப் போனாலும் ஏதோ ஒரு பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, சூரியன் எழும் பக்கமும் படும் பக்கமும். கல்லடியில் 1924இல் கட்டின பழைய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போகின்றன, பழையது மாலையில் நடக்கிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. வருகிற விருந்தாளிகள் எல்லாம் பாடும் மீனைப் பற்றிக் கேட்பார்கள். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். எனக்கு மீன் பாடுவதைவிட, பொழுது விடிய முன் வீச்சுவலை தண்ணீரில் விழும் அந்தச் 'சர்' என்ற சத்தம்தான் பிடிக்கும்.

வந்த முதல் மாரியை மறக்க முடியாது. இங்கே மழை கார்த்திகையில் பிடித்தால் தை வரைக்கும் போகும். முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர், கரண்ட் இல்லை, கணவர் வேலையாகக் கொழும்பில். மகளுக்கு அப்போது ஐந்து வயது. பின்னேரம் வீட்டுக்கார அக்கா, தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கையில் பிட்டும் மீன் குழம்பும், மறு கையில் அரிக்கன் லாம்புமாகத் தண்ணீருக்குள் நடந்து வந்தார். அவருடைய மருமகன் வாசலில் நின்று, முகத்துவாரம் வெட்டுவார்களா மாட்டார்களா என்று பக்கத்து வீட்டுக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த விசயமே தெரியும். வாவி கடலோடு சேரும் வாயை மணல் மூடிக் கிடக்கும். வெள்ளம் ஏறும்போது அதை வெட்டிவிட்டால் தண்ணீர் வடியும். வயல் தாழ்கிறது, கெதியாக வெட்டுங்கள் என்பார்கள் விவசாயிகள். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்பார்கள் மீனவர்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஒவ்வொரு மாரியிலும் இந்த ஊர் அதைப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு என்னை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு கிளைக்குப் போட்டார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்த இடத்தில் 'பாதை'யில்தான் சனம் கடந்தது. இங்கே பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிப் போகும் மிதவைப் படகு. நான் பாலத்தால் பஸ்ஸில் போனேன், மூத்த ஊழியர்கள் பாதையில் காத்து நின்ற காலத்தைச் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

அந்தக் கிளையில் அடகுப் பிரிவில் இருந்தபோதுதான் இந்த மாவட்டத்தை நான் படித்தேன். பெரும்போக விதைப்புக்கு முன், ஒக்டோபரில், நகைகள் வரத் தொடங்கும். மாசி பங்குனியில் வெட்டு முடிந்து நெல் விற்ற கையோடு திரும்பிப் போகும். ஒரு அம்மா வருடா வருடம் வருவார். வரும்போதே கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருப்பார், தாலிக்கொடியைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். முடிச்சை அவிழ்த்து, கண்ணாடிக்கு உள்ளே தள்ளிவிட்டு, நான் நிறுத்து முடிக்கும் வரைக்கும் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பார். பங்குனியில் மீட்க வரும்போது புருசனும் கூட வருவார். அவர் அந்த இடத்திலேயே, எங்கள் எல்லாருக்கும் முன்னால், கொடியைக் கழுத்தில் போட்டுவிடுவார். அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிவார். ஒரு வருடம் வெள்ளத்தில் வயல் போய்விட்டது. பங்குனி வந்தது, அவர்கள் வரவில்லை. தவணையை நீட்ட என்னால் முடிந்ததைச் செய்தேன். அடுத்த வெட்டுக்குத்தான் கொடி திரும்பிப் போனது. கொழும்பில் ஒன்பது வருடம் வேலை செய்தும், மழைக்கும் என் மேசைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்குத் தெரியாது.

2019 ஏப்ரல் 21 பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். இது பெரிய நகரம் இல்லை. மகளின் வகுப்பில், என் கிளையில், எங்கள் ஒழுங்கையில், யாரைக் கேட்டாலும் அங்கே ஒரு பிள்ளையைத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பல மாதம் தமிழ்ச் சனம் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக் கடைகளுக்குப் போகவில்லை. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றி இங்கே சொல்வார்கள். 1990இலும் அந்தப் பிட்டு சிதறித்தான் போனது, இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. எங்கள் வீட்டுக்கார அக்கா 2019 நோன்புப் பெருநாளுக்குத் தான் முப்பது வருடமாகத் துணி எடுக்கும் கடைக்காரர் வீட்டுக்கு வாழைக்குலை அனுப்பினார். பக்கத்தில் சிலர் முகம் சுழித்தார்கள். "அவர் என்ன செய்தவர்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவர் மேல் இருக்கும் மதிப்பு அன்றைக்கு இன்னும் கூடியது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு வருகிறேன். இடமாற்றத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளிக்கிழமை காலையே பையைக் கட்டி மேசைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். இரவுப் பஸ், இல்லாவிட்டால் இரவு மெயில். திங்கள் விடிய வந்திறங்கி, தூக்கக் கண்ணோடு கையெழுத்துப் போடுவார்கள். வயதான தாய் தகப்பன் தனியே இருந்தால், பிள்ளையின் படிப்பைக் குழப்ப முடியாவிட்டால், போகத்தான் வேண்டும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் கட்டும் இல்லாத இளம் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். போடிங், அலுவலகம், சாப்பாட்டுக் கடை, பஸ் நிலையம், இந்த நாலு இடத்தைத் தவிர வேறெதுவும் பார்க்காமல் இரண்டு வருடம் முடித்து, "அங்க ஒண்டுமில்லை" என்று ஊரில் போய்ச் சொல்கிறார்கள்.

இதில் ஊருக்கு நட்டம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் வடிகான் மூடிக் கிடக்கிறது என்று நான் ஒரு அலுவலகத்துக்கு நாலு வருடம் நடந்தேன். அந்த நாலு வருடத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். மூன்று பேருமே முதலில் கேட்டது, அந்த ஒழுங்கை எங்கே இருக்கிறது என்றுதான். மழைக் காலத்துச் சனி ஞாயிறில் ஒருநாளாவது இங்கே நின்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. வாவிக்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக் கட்டுவதும், கண்டல் மரங்களை வெட்டுவதும், குப்பையைத் தண்ணீர்க் கரையில் கொட்டுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. பார்க்கிற இடத்தில் இருக்கிறவர்கள் இந்தத் தண்ணீரோடு வாழாவிட்டால் யார்தான் தடுப்பது?

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும், மத்தியானத்தில் வெளியே இறங்க ஏலாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பதால் எங்கள் கிணறு சவர், உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் இல்லாவிட்டால் கஷ்டம். இருட்டினால் பஸ் குறைந்துவிடும். என் கணவர் கட்டடப் படம் வரைகிறவர், முதல் இரண்டு வருடம் அவருக்கு இங்கே போதிய வேலை கிடைக்கவில்லை, அது எங்களுக்குப் பெரிய நெருக்கடி. படித்த பிள்ளைகள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் 2018இல் திரும்பிப் போகலாம் என்று கடிதம் வந்தபோது இங்கேயே விடும்படி எழுதிக் கொடுத்தேன். மகள் அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி, "பாலம் எங்களுக்குத்தானே அம்மா?"

மகன், உனக்குச் சொல்ல நினைத்தது இதுதான். முதல் மாதம் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போடாதே. சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குப் பழைய பாலத்துக்கு வா. மாமா அங்கேதான் நடப்பார். தோணிக்காரர் கரைக்கு வரும்போதே ஓரா மீன் வாங்கிவிடலாம், வீட்டுக்கு வந்து பிட்டோடு சாப்பிடு, பிறகு எருமைத் தயிரும் இருக்கிறது. ஆடி அமாவாசை வந்தால் மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குக் கூட்டிப் போகிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் படுவான்கரைக்குப் போவோம். போடிங் வாடகை எவ்வளவு, எந்தப் பக்கம் நல்லது என்று கேட்டிருந்தாய். நீ முதல் வந்து இரு. அதை மறுகா கதைப்பம்.