தேள் ஒளிர்வதற்கும் விஷத்துக்கும் சம்பந்தமில்லை

கும்மிருட்டில் பச்சை நீலமாக மின்னும் தேளின் வீடியோவோடு ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: "உடம்பில் விஷம் ஏறியதால்தான் இந்த ஒளி. மின்னாத தேள் கொட்டினால் பயமில்லை." இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தானதும்கூட.

விஷம் இருப்பது வால் நுனியில் உள்ள கொடுக்கில். ஒளிர்வதோ உடம்பு முழுக்க மூடியிருக்கும் மேல்தோல். அதில் உள்ள பீட்டா கார்போலின் போன்ற வேதிப்பொருட்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பி விடுகின்றன. மின்மினி மாதிரி தானாக எரியும் விளக்கு அல்ல இது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால் மின்னும், அணைத்தால் அந்த நொடியே மறையும். செத்து, அருங்காட்சியகத்தில் சாராயத்தில் பல ஆண்டு ஊறிய தேளும் இப்படி மின்னும்!

நம்மூர் பெரிய கருந்தேளும் மின்னும். அதைவிடச் சிறிய செந்தேளும் மின்னும். ஆளைக் கொல்லக்கூடியது செந்தேள்தான். ஒளியை வைத்து இரண்டையும் தரம் பிரிக்க முடியாது.

சட்டை உரித்த புதிதில் தேளின் தோல் மெத்தென்று இருக்கும். அது இறுகும் வரை டார்ச் அடித்தாலும் மின்னாது. ஆனால் கொடுக்கில் விஷம் அப்படியேதான் இருக்கும். 'மின்னவில்லையே' என்று கையில் எடுத்தால் என்ன ஆகும்?

கொட்டியது எந்தத் தேளானாலும், குறிப்பாகக் குழந்தையைக் கொட்டியிருந்தால், டார்ச்சைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.