டாக்டர்களின் 30 மணி நேரத் தொடர்கல்வியில் வலிக்கு எத்தனை மணி?

நான் நர்ஸ். இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலி ஊசி என்று சொல்லி ஒரு நோயாளிக்கு வெறும் தண்ணீரை ஏற்றியிருக்கிறேன். ஒருமுறை இல்லை, மூன்று ராத்திரி.

2006. தெற்கே ஒரு ஊரில் நூறு படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் அட்மிஷனில் இருந்தார். ப்ராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. பகலில் எங்களிடம் பழைய ரூட் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், சாய முடியாது. டைக்ளோ போட்டாயிற்று, டிராமடால் போட்டாயிற்று, எதுவும் இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. "அடுத்த ஊசி எத்தனை மணிக்கு சிஸ்டர்?" என்று அவர் மனைவி வந்து வந்து நிற்பார். ட்யூட்டி டாக்டர் பெரிய டாக்டருக்கு ஃபோன் போட்டார். "ஊசிக்குப் பழகிட்டாரு, டிஸ்டில்டு வாட்டர் போட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது. ஆம்பூலை உடைத்து, இரண்டு மில்லி எடுத்து, பஞ்சால் துடைத்து, நிஜ ஊசி மாதிரியே போட்டேன். அரை மணி நேரம் கண்ணை மூடினார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருப்பே தாயி" என்றார்.

மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "பாத்தீங்களா, பாதி வலி மனசுலதான்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். அப்புறம் அவரே கண்டக்டரிடம், "வலி எவ்வளவு? பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டார். "பத்துதான் கடைசி ஸ்டாப்பா சார்?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். அந்த நம்பரைக் கேஸ் ஷீட்டில் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அவர் பதினோராம் நாள் இறந்தார். அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் என்ற வார்த்தையே அந்த வார்டில் வரவில்லை.

பல வருஷம் கழித்து கேரளாவில் ஆறு வாரம் ஒரு பாலியேட்டிவ் பயிற்சிக்கு, அதாவது தீராத நோயாளியின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு பற்றிய பயிற்சிக்கு, போனபோதுதான் நான் செய்தது என்ன என்று புரிந்தது. தண்ணீர் ஊசிக்கு வலி அடங்கினால் அந்த வலி பொய் என்று அர்த்தமில்லை, நிஜமான வலியும் நம்பிக்கையில் கொஞ்ச நேரம் அடங்கும் என்று முதல் வாரத்திலேயே சொன்னார்கள். புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை வாய் வழியாக, குறைந்த அளவில் ஆரம்பித்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி படுக்கும்போது இரட்டை டோஸ் கொடுத்தால் நடுவில் எழுப்ப வேண்டாம். கூடவே மலமிளக்கி, அதை மறந்தால் நோயாளியே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார். இதில் எதுவுமே ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே படி படியாக எழுதி வைத்த விஷயம். எனக்குத் தெரிய அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலே ஆனது, அந்தப் பெரிய டாக்டருக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

அவரைத் திட்ட இந்தப் பதிவு இல்லை. அவர் நல்ல மனிதர், ஃபீஸ் இல்லாமல் எத்தனையோ பேரைப் பார்த்தவர். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது மார்ஃபின் வாங்கி வைக்க நான்கைந்து லைசென்ஸ் கேட்டார்கள். ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. 1997-ல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. அபினைச் சட்டப்படி பயிரிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற நாட்டில், காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபின் ஃபேக்டரி நடத்துகிற நாட்டில்! ஆக ஒரு தலைமுறை டாக்டர்கள் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்தார்கள். பார்க்காத மருந்தைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்தது "மூச்சு நின்றுவிடும்", "அடிமையாகிவிடுவார்கள்" என்ற இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிதான் இன்றும் வார்டில் நிற்கிறது.

இந்த லைசென்ஸ் சிக்கலைக் குறைக்கச் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மயக்கவியலின் கீழ் வலி மேலாண்மை தனித் தலைப்பாகவே வந்துவிட்டது, இறுதிக்கட்ட நோயாளியின் வலியும் சேர்த்து. நல்ல விஷயம். ஆனால் இது இனிமேல் வருகிறவர்களுக்கு. ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கி இருபது முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு? வார்டில் முடிவெடுப்பது அவர்கள்தானே.

டாக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி முடிக்க வேண்டும் என்று 2002 விதிமுறையில் இருக்கிறது. எதைப் பற்றிய 30 மணி என்று இல்லை. முப்பதையும் முகப்பொலிவு லேசரைப் பற்றியே முடித்தாலும் கணக்கு சரியாகிவிடும். நர்சுகளின் தொடர்கல்வியிலும் அதே கதைதான். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த முப்பதில் ஆறு மணி நேரத்தை வலிக்கு ஒதுக்குங்கள், கட்டாயமாக. புதிதாக ஒரு மணி நேரம்கூடக் கூட்ட வேண்டாம். டாக்டர், நர்ஸ் இரண்டு பேருக்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் வலி நிவாரணம் பார்ப்பது நர்சுகள்தான் என்பதால் எங்களுக்கு இன்னும் அவசியம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்குக் கலிஃபோர்னியா கதை. 1998-ல் அங்கே 85 வயது முதியவர் ஒருவர், நுரையீரல் புற்றுநோய் என்று சந்தேகம், ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். வலியோடே வீட்டுக்கு அனுப்பப்பட்டார், வீட்டில் இறந்தார். குடும்பம் மாநில மருத்துவ வாரியத்திடம் புகார் கொடுத்தது. வலி சரியாகக் கவனிக்கப்படவில்லைதான் என்று வாரியம் ஒப்புக்கொண்டது, நடவடிக்கை மட்டும் எடுக்கவில்லை. இறந்தவர் பட்ட வேதனைக்கு வழக்கமான அலட்சிய வழக்கில் நஷ்டஈடு கேட்க வழியில்லாததால் முதியோர் வதைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 2001 ஜூனில் ஜூரி 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, பிறகு அது இரண்டரை லட்சமாகக் குறைந்தது. அதே வருஷம் சட்டம் வந்தது: ஒருசில துறைகள் தவிர எல்லா டாக்டரும் வலி மேலாண்மையிலும் இறுதிக்கட்டப் பராமரிப்பிலும் 12 மணி நேரம் படித்தே ஆக வேண்டும்.

அந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. சாட்சியாக நின்றது நர்சுகளின் குறிப்பு. அவர் வலியை 7 என்றும் 10 என்றும் ஷிஃப்ட் தவறாமல் சார்ட்டில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் கண்டக்டர் ஐயாவின் கேஸ் ஷீட்டில் என்ன இருக்கும்? என் கையெழுத்தில், "நோயாளி அமைதியாக உறங்கினார்."

சரி, அமெரிக்காவைக் காட்டினால் உடனே ஒருவர் வருவார், அங்கேதான் வலி மாத்திரையால் ஊரே அழிந்ததே என்று. உண்மைதான், மறைக்கவில்லை. வலியைப் பற்றி டாக்டர்களுக்குப் பாடம் எடுக்க அங்கே பணம் கொடுத்தவர்களில் மார்ஃபின் இனத்தைச் சேர்ந்த ஆக்ஸிகான்டின் மாத்திரை விற்ற பர்டூ கம்பெனியும் உண்டு. அந்த மருந்தால் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று பொய்யாக விற்றதை 2007-ல் நீதிமன்றத்தில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இப்போது, 2023 ஜூனிலிருந்து, இந்த வகை மருந்து எழுத லைசென்ஸ் வைத்திருக்கும் டாக்டர்கள் போதைப் பழக்கத்தைக் கையாளுவது பற்றி 8 மணி நேரம் படிக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் சட்டமே வந்துவிட்டது. ஆகவே பாடம் வேண்டாம் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. பாடம் எடுப்பது யார் என்று பார்க்கச் சொல்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் தொடர்கல்விக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹோட்டல் ஹால், மேடைக்குப் பின்னால் மருந்து கம்பெனி பேனர், பை, பேனா, பிரியாணி. மருந்து கம்பெனி செலவில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு டாக்டர்கள் போகக் கூடாது என்று 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது, அதே மாதம் நிறுத்தியும் வைத்துவிட்டது. இந்த ஆறு மணி நேரத்துக்காவது பேனர் இல்லாமல், அரசு மருத்துவக் கல்லூரியில், மெஸ் சாப்பாடு போட்டு நடத்துங்கள் என்கிறேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இப்போது நான் இருக்கும் இடத்தில் மார்ஃபின் இருக்கிறது. அலமாரி, இரண்டு பூட்டு, ஒரு ரிஜிஸ்டர், எல்லாம் முறைப்படி. புதிதாக வந்த ட்யூட்டி டாக்டர், சின்னப் பெண், 2019 பேட்ச், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள ஒரு அம்மாவுக்கு 5 மில்லிகிராம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி இரட்டை டோஸ், கூட மலமிளக்கி என்று யாரும் சொல்லாமலே எழுதியிருந்தாள். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. காலையில் சீனியர் வந்தார். "இவ்வளவு அடிக்கடியா? மூச்சு நின்னா யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதிவிட்டுப் போனார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பேசிப் பார்த்தேன் சீனியர் டாக்டரிடம், "பாக்கலாம் சிஸ்டர்" என்றார்.

எஸ்.ஓ.எஸ். என்றால் நோயாளி கேட்கும்போது கொடுப்பது. அந்த அம்மா வாயைத் திறந்து கேட்கிற ரகம் இல்லை. ராத்திரி நான் ரவுண்ட் போகும்போது முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சிஸ்டர், நீங்க போய் ஒக்காருங்க" என்பார்.