கிவி போடுகிறவர்கள் கவனத்துக்கு

புல்கோகி (மெல்லிசாகச் சீவிய கறியை மசாலாவில் ஊறவைத்துச் சுடும் கொரிய உணவு) செய்முறை நன்றாக இருக்கிறது, ஆனால் பேரிக்காய் கிடைக்காவிட்டால் கிவியை அரைத்துப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் யாரும் அப்படியே செய்துவிடாதீர்கள். கிவியில் இருக்கும், கறியை இளக்குகிற நொதி ரொம்ப வீரியமானது, காலையில் எடுத்துப் பார்த்தால் கறி கூழாகத்தான் இருக்கும். அரைக் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விழுது, அரை மணி நேரம், போதும். கொரியப் பேரிக்காய் சாது, இனிப்பும் தருவதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த எள் எண்ணெய். நம் நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த ருசி வராது, கொரியர்களுடையது எள்ளை வறுத்து எடுக்கிற எண்ணெய், வாசனையே வேறு. கறியை ஃப்ரீசரில் வைத்து லேசாக இறுகியதும் நாருக்குக் குறுக்கே சீவுங்கள், மெல்லிசாக வரும்.

சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துதான் போகும், ஓரம் முறுகாது. சியோல் பக்கம் வேண்டுமென்றே சாறோடு செய்து சோற்றில் விட்டுச் சாப்பிடுவார்கள், அது தனி ரகம். தென் கொரியாவின் குவாங்யாங் ஊரில் சுடுவதற்குச் சற்று முன்புதான் மசாலாவில் பிரட்டிக் கரியடுப்பில் வாட்டுவார்கள், என்னைக் கேட்டால் அதற்குத்தான் என் ஓட்டு.