பவுன்ஸ் ஆகாத செக்குக்கு 'ரப்பர்கேட்' என்று பெயர்

ஒருவர் "1992-ல் அமெரிக்க எம்.பி.க்கள் அரசு வங்கியில் மக்கள் வரிப்பணத்தைச் சுருட்டினார்கள், எல்லாம் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்" என்று எழுதியிருக்கிறார். இதில் ஆண்டு மட்டும்தான் ஓரளவு சரி: பெயர்கள் வெளிவந்தது அந்த ஆண்டில்.

அவர் சொல்லும் 'வங்கி', அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குள்ளேயே நடந்த ஒரு கணக்கு அலுவலகம். பெயர்தான் 'ஹவுஸ் பேங்க்'. உறுப்பினர்களின் சம்பளம் மொத்தமாக ஒரே இடத்தில் கிடக்கும். ஒருவர் தன் கணக்கில் இருப்பதைவிட அதிகத்துக்கு செக் எழுதினாலும் (இதுதான் ஓவர்டிராஃப்ட்) பணம் கொடுத்துவிடுவார்கள். அபராதமும் கிடையாது, வட்டியும் கிடையாது. நமக்கெல்லாம் எந்த வங்கி இப்படிச் செய்யும்? கோபம் வந்தது அதனால்தான். ஆனால் அந்த ஓட்டையை அடைத்தது சக உறுப்பினர்களின் பணம், கஜானா அல்ல.

கட்சி விஷயம்: 300-க்கும் மேற்பட்ட இந்நாள், முன்னாள் உறுப்பினர்கள் பெயர் வெளிவந்தது. சபையில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை, அதனால் அவர்கள் அதிகம். ஆனால் இதை வைத்தே அரசியல் செய்த குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் 22 செக் அப்படி எழுதியவர்தான். அதே கட்சியின் ஜிம் நஸ்ஸல் வெட்கக்கேடு என்று காட்ட, தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு சபையில் பேசினார்.

சிலர் பின்னர் குற்றவாளிகள் ஆனது உண்மை. வங்கியைக் கவனித்த சபை அதிகாரி ஜாக் ரஸ் பணமோசடியை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். பெரும்பாலானோர் மீது வழக்கே இல்லை.

அப்புறம் இந்த விவகாரத்துக்கு வைத்த 'ரப்பர்கேட்' என்ற பெயர். 'கேட்' என்பது வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு அமெரிக்காவில் ஊழல் பெயர்களில் ஒட்டும் வால். 'ரப்பர்' என்பது, ரப்பர் மாதிரி துள்ளித் திரும்பும் செக் என்ற கேலி. இங்கே ஒன்றும் திரும்பவில்லையே! 'சபை வங்கி ஓவர்டிராஃப்ட் விவகாரம்' என்றால் போதும்.