பழுப்பானாலும் காந்தம் போகவில்லை
மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய நானோ தூள் கறுப்பிலிருந்து பழுப்பாகிவிட்டால் காந்தம் போய்விட்டது, கொட்டிவிட வேண்டியதுதான் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றுப்பட்டு அது மேக்ஹமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. அதுவும் நல்ல காந்தப்பொருள்தான், கொஞ்சம் பலம் குறைவு, அவ்வளவே. கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், டிஏபி உரம் போட்ட வயலின் வடிகால் தண்ணீரிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்க இந்தத் தூளைப் பயன்படுத்தினோம். அதே தூளை நாலாவது தடவை போட்டபோது பாஸ்பேட்டைப் பிடிக்கவே இல்லை. தூளும் பழுப்பாகியிருந்ததால் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் குப்பியின் பக்கத்தில் நியோடிமியம் என்ற வலுவான காந்தத்தை வைத்ததும் தூள் மொத்தமும் கண்ணாடிச் சுவரில் அப்பிக்கொள்ள, தண்ணீர் தெளிந்துவிட்டது. கெட்டது காந்தம் இல்லை, மேற்பரப்பு. முன்பே ஒட்டிய பாஸ்பேட் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நன்றாகக் கலக்கி, காரம் போகும்வரை வாலைவடி நீரில் அலசினோம். முழுசாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி திரும்ப வேலை செய்தது. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர், பழுப்புத் தூளைச் சூடாக்கினால் பழையபடி கறுப்பாகுமா என்று கேட்டிருக்கிறார். காற்றில் வைத்துக் கடுமையாகச் சூடாக்காதீர்கள், ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடாகிவிடும். அதைத்தான் காந்தம் ஏறக்குறைய இழுக்காது. மேக்னடைட்டாகவே திரும்ப வேண்டுமென்றால் சூட்டோடு ஹைட்ரஜன் போன்ற ஒடுக்கும் (ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும்) வாயு வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. காற்றில்லாத சேற்றில் வாழும் ஜியோபாக்டர் பாக்டீரியா ஃபெரிக் ஆக்சைடை, அதாவது துரு போன்ற இரும்பு ஆக்சைடை, மேக்னடைட்டாக்கும் என்பது 1980-களிலேயே தெரிந்த விஷயம். தண்ணீர் கட்டிய நம் குறுவை வயல் சேற்றில் பழுப்புத் தூளைப் புதைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.