ஸ்டேசனுக்கும் மரத்துக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர்

"கோலாலம்பூர்ல பறவை பார்க்கக் கார் எதுக்கு, ரயில்லயே போயிடலாமே"ன்னு சொல்றவங்க தோள்ல தொலைநோக்கி நிறுத்தற முக்காலி ஒண்ணைக் கொடுத்து, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கெப்போங் சென்ட்ரல் ஸ்டேசன்ல இறக்கி விடணும். அங்கிருந்து ஃப்ரிம், அதாவது வன ஆராய்ச்சிக் கழகக் காட்டு வாசலுக்கு நடந்து வரட்டும். வந்து சேர்ந்தப்புறம் அதையே திருப்பிச் சொன்னா ஒத்துக்கலாம்.

ரயில் மேல எந்தக் கோபமும் இல்ல. சொல்லப்போனா இந்த ஊர்ல பறவை பார்க்கிறவங்களுக்குக் கடிகாரமே துணை. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவுல மணியை அரைமணி நேரம் முன்னால தள்ளி வெச்சாங்க. அதனால நவம்பர்ல சூரியன் ஏழுக்குக் கொஞ்சம் முன்ன, பிப்ரவரில ஏழரையை ஒட்டித்தான் தலை காட்டுது. எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்களோட முதல் வண்டியோ ஆறு மணி வாக்கில கிளம்பிடும். வெளிச்சம் வர்றப்ப காட்டோரம் நிக்க ஒரு மணி நேரம் முழுசாக் கையில இருக்கு. அதைத் தொலைக்கிறது ரயில்ல இல்ல, ரயிலை விட்டு இறங்கினப்புறம்.

ஃப்ரிம்மையே எடுத்துக்குங்க. ஈயம் தோண்டிப் பாழாப்போன நிலத்துல மனுசங்க நட்டு வளர்த்த காடு, 2025-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறிடுச்சு. துடுப்புவால் கரிச்சான் வாலை இழுத்துக்கிட்டுத் தலைக்கு மேல பறக்கிற இடம். எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தோட ஸ்ரீ டாமன்சாரா தீமோர் ஸ்டேசனும், கொமுட்டர் புறநகர் ரயிலோட கெப்போங் சென்ட்ரலும் பக்கம் பக்கமா நிக்குது. ரெண்டு தடம் வந்து சேர்ற இடம், வேற ஊரா இருந்தா கொண்டாடலாம். இங்க அதுக்கப்புறம் ரெண்டு மூணு கிலோமீட்டர் உங்க பாடு. நடைபாதை நல்லா ஆரம்பிக்கும், ஒரு கார் பட்டறை வாசல்ல செத்துப்போகும், மூடியில்லாத லோங்காங் (சாக்கடை) ஓரமா மறுபடி உயிர் பிடிக்கும். ரோட்டைக் கடக்கணும்னா பாலத்தைத் தேடி வந்த வழியே திரும்பணும். நடந்து போறவன்னு ஒருத்தன் இருப்பான்னு யாருமே நினைச்சுப் பார்க்காத வடிவமைப்பு.

"ஸ்டேசன்ல இருந்து ஃபீடர் பஸ் இருக்கே?" இருக்கு. டி-ன்னு தொடங்கற எண் போட்ட பஸ், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), காசு வாங்க மாட்டாங்க, டச் அண்ட் கோ அட்டை மட்டும்தான். ஆனா அந்தப் பஸ் யாருக்காக ஓடுது? தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) இருக்கிறவங்களைக் காலைல ஸ்டேசன்ல கொண்டு வந்து தள்ள, சாயந்திரம் திருப்பிக் கொண்டுபோய் விட. அதனால காட்டு வேலியை ஒட்டியே போனாலும் அடுக்குமாடி வாசல்லதான் நிறுத்தம் இருக்கும். ஞாயித்துக்கிழமை, அதாவது பறவை பார்க்கிறவங்க முக்கால்வாசிப் பேர் வீட்டை விட்டுக் கிளம்பற அந்த ஒரே நாள்ல, வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி இன்னும் நீளும். ஒண்ணை விட்டா அரைமணி போச்சு. விடிஞ்ச முதல் அரைமணியில போற பறவைச் சத்தம் அன்னிக்குப் பூரா திரும்ப வராது.

பைனாகுலர் கண்ணாடி விவகாரத்தை எந்த வழிகாட்டியும் சொல்றதில்ல. ரயில் பெட்டி ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். முக்கால் மணி நேரம் அதுல குளிர்ந்த பைனாகுலரை ஈரக்காத்துல எடுத்தா லென்ஸ் மேல உடனே பனி படியும். சட்டை நுனியால துடைக்காதீங்க: மேற்பூச்சு கீறும், கண்ணாடி குளிராவே இருக்கிறதால திரும்பவும் படியும். ஜிப் பையில காத்துப் போகாம மூடி வெச்சு, இறங்கின பிறகு பத்துப் பதினஞ்சு நிமிசம் பையிலயே விட்டு, கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்ததும் எடுங்க. அந்த ரெண்டு கிலோமீட்டர் நடையால கிடைக்கிற ஒரே லாபம் இதுதான். இன்னொண்ணு, கொமுட்டர்ல நடுப்பெட்டி பெண்களுக்கு. முக்காலியும் கையுமா கடைசி நொடியில ஓடிவந்து ஏறுற ஆம்பளைங்க தரையில ஒட்டியிருக்கிற ரோஸ் நிறத்தைப் பார்த்துக்குங்க.

ஊருக்கு நடுவுலயே பார்த்துக்கலாம்னா அங்க வாசல் தகராறு. புக்கிட் நானாஸ் 1906-லயே ஒதுக்கின காடு, டாங் வாங்கி ஸ்டேசன்ல இருந்து நடக்கிற தூரம். கேட் திறக்கிறது எட்டு மணிக்கு. அதுக்குள்ள பறவை பசியாறி முடிச்சிருக்கும். டாக்சில ஏறி "பறவை பார்க்கணும்"னு சொன்னா ஒன்பது மணிக்குத் திறக்கிற வலைக்கூண்டுப் பூங்காவுல இறக்கி விடுவாங்க.

கோல சிலாங்கூர் இதைவிடக் கொடுமை, ஏன்னா அங்க கடல்தான் நேரம் குறிக்குது. செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரை உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தை இல்ல, நீள அலகுக் கரைப்பறவை) வடக்கிருந்து வந்து சேத்துல மேயும். தண்ணி வத்தியிருந்தா அதெல்லாம் தூரத்துப் புள்ளி. கடல் ஏத்தம் வர வரத்தான் சேறு சுருங்கி, பறவை கரைக்கு நெருங்கும். அதனால உச்ச ஏத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே நிக்கணும். ஏத்தம் தினமும் சுமார் 50 நிமிசம் தள்ளிப் போகுது. ஒரு வாரத்துல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். இந்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் தளும்பற இடம் அடுத்த ஞாயிறு அதே பத்து மணிக்கு வெறும் சேறு. கோலாலம்பூர்ல இருந்து 65 கிலோமீட்டர் சொச்சம், நின்னு நின்னு போற பஸ்ல ரெண்டு மணி நேரம். பஸ்காரங்க ஏத்த அட்டவணை பார்த்தா வண்டி விடறாங்க? நீங்கதான் முதல்ல ஏத்தத்தைப் பார்த்துட்டு, அதுக்குத் தோதான பஸ் இருக்கிற நாளைத் தேடணும். மாசத்துல ஒண்ணு ரெண்டு அமைஞ்சா பெரிசு. மதியத்துக்கு மேல இடிமழை வேற.

மலைக்குப் போகலாம்னு ஆசைப்படாதீங்க. கெந்திங் சூதாட்ட மண்டபத்துக்கு நாள் பூரா பஸ், அது போதாதுன்னு கேபிள் கார். அதே தித்திவாங்சா மலைத்தொடர்ல, பறவைக்குப் பேர் போன புக்கிட் ஃப்ரேசருக்கு? கொமுட்டர்ல கோல குபு பாரு வரை போய் இறங்கி, மிச்சம் 40 கிலோமீட்டர் வளைவு ரோட்டை அண்ணாந்து பார்க்கலாம். பஸ் கிடையாது.

முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்ல வேணாம். தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு ராத்திரி பூரா கொமுட்டர் விடத் தெரியுது. இறங்கின உடனே கோயில் வாசல், அண்ணாந்து பார்த்தா சுண்ணாம்புப் பாறையைச் சுத்தி உழவாரன் கூட்டம். ஸ்டேசனைச் சரியான இடத்துல வெச்சா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு ஊரறிஞ்ச சாட்சி. மத்த இடங்களுக்குக் கேக்கிறது அதுகூட இல்ல. ஞாயிறு காலை ஆறரைக்கு ஃபீடர் பஸ் ஒண்ணு, காட்டு கேட்டுல ஒரு நிறுத்தம், நடுவுல அறுபடாத நடைபாதை.

அதுவரைக்கும் நாலு பேராச் சேர்ந்து ஸ்டேசன்ல இருந்து கிராப் டாக்சி எடுங்க. வரைபடத்துல இடத்தோட பேரைத் தட்டாம வாசல் கேட் மேலயே புள்ளியை வைங்க. பேரைத் தட்டினா பூட்டின பின்வாசல்லயோ அலுவலகக் கட்டடத்துலயோ கொண்டுபோய் விட்டுடும்.