ஈம் ஆளில்லாத ஊர் அல்ல
"கொள்ளைநோயில் ஈம் கிராமமே அழிந்தது, இன்று அங்கே யாருமில்லை" என்று சிலர் சொல்வது தவறு. இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள இந்த ஊருக்கு 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு பிளேக் நோய் வந்ததாகச் சொல்வார்கள். 1666 ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பசனும், அவருக்கு முன்பு அங்கே பணியாற்றிய தாமஸ் ஸ்டான்லியும் எடுத்துச் சொல்ல, நோய் வெளியே பரவாமலிருக்க மக்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. வெளியூர்க்காரர்கள் எல்லையில் உணவு வைத்தார்கள். அதற்கான காசை ஈம் மக்கள், நோய் ஒட்டாமலிருக்க, எல்லைக் கல்லில் இருந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் போட்டார்கள். சுமார் 260 பேர் இறந்தார்கள். ஆனால் பிழைத்தவர்களும் நிறைய, மாம்பசனும் பிழைத்தார். இன்று அங்கே மக்கள் வாழ்கிறார்கள். பள்ளி, பப், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. அப்புறம், புனித லாரன்ஸ் தேவாலய வளாகத்தில் அந்த நோயில் இறந்த மாம்பசனின் மனைவி கேத்தரினின் கல்லறையை இப்போதும் பார்க்கலாம்.